கேபிடல் இல்லை

அந்தமானில், ரங்கத் ஊரில் எங்கள் வீட்டுச் சண்டை எதில் தொடங்கினாலும் ஒரே சொல்லில்தான் வந்து முடியும்: கேபிடல். வேறு ஆங்கில வார்த்தை எதுவும் தெரியாத அம்மா, அதை மட்டும் துப்புகிற மாதிரி சொல்வாள்.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை அது. சாலை போடும் வேலைக்கு வந்த அப்பாவுக்கு, பஜாரில் ஒரு மளிகைக்கடை வைக்க ஆசை. சர்க்கார் கடை போட இடம் கொடுப்பதாகப் பேச்சு வந்ததும் அம்மா சங்கிலியை விற்றுவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டாள். இருவருமாக ஆபீசுக்குப் போனார்கள். ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்த அப்பா, மனுவில் அதைக் குட்டி குட்டியாக எழுதி நீட்டினார். குமாஸ்தா பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினார்.

"கேபிடல் மே லிக்கோ."

குமாஸ்தா இந்தியில் கேபிடல் எழுதச் சொல்கிறார். அப்பா அறிந்த கேபிடல் ஒன்றுதான். கான்ட்ராக்டர்கள் வாய்க்கு வாய் சொல்வது. தொழிலுக்குப் போடும் முதல். கையில் காசிருப்பதைக் காட்டினால் இடம் கிடைக்காது, ஏழைக்குத்தான் கொடுப்பார்கள் என்று யாரோ ஒரு புண்ணியவான் வேறு சொல்லி வைத்திருந்தான். அப்பா கும்பிட்டார். "கேபிடல் நஹி ஹை, சாப். குச் நஹி ஹை." ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்னபோது பணம் அம்மாவின் இடுப்பில் முடிந்திருந்தது.

முதல் இல்லாதவனுக்குக் கடை எதற்கு? இடம் வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த மழையில் அம்மாவுக்கு வந்த காய்ச்சலில் பணமும் கரைந்தது. முதலுக்கே மோசம். அப்பா கடைசிவரை தார்ச்சட்டிதான் தூக்கினார்.

"இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்பாள் அம்மா.

"இருக்குன்னா குடுத்திருப்பானா?" என்பார் அப்பா. நான் அம்மா கட்சி. அப்பாவைக் கோழை என்றே நினைத்திருந்தேன்.

எழுபதுகளில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் அப்பா இறந்தார். உடலைத் தருவதற்கு முன் ஒரு தாளை நீட்டினார்கள். நான்தான் அப்பாவின் பெயரை எழுதினேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் அதைத் திருப்பித் தள்ளினார்.

"கேபிடல் மே லிக்கோ."

அம்மா மேசையருகே வந்தாள். "செத்த மனுசன்கிட்டயுமா கேபிடல் கேக்குறாங்க?"

"பணத்தைக் கேக்கலம்மா. இங்கிலீசுல பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு ரெண்டு உண்டு. பேரைப் பெரிய எழுத்துல எழுதச் சொல்றாங்க. அதுக்கும் கேபிடல்னுதான் சொல்லுவாங்க."

தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ராஜா பெயரும் கூலிக்காரன் பெயரும் ஒரே உயரம்தான். அம்மாவுக்கு இது எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். புரிந்துவிட்டது.

"அப்போ அன்னிக்கும்..." என்றாள்.

எனக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி முடித்தேன். அம்மா கழுத்துக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, அப்பா கிடந்த அறையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"ஏங்க, அன்னிக்கு அவன் உங்க பேரைத்தாங்க கேட்டிருக்கான்."