பாகலூரில் ஸ்டூல் வந்த செய்தி

ஓசூர் பஸ்ஸுக்காகப் பாகலூரில் நிற்கிறேன். எதிரே, நியாயம் கேட்டு வருபவர்களுக்குத் துணை நிற்கும் அமைதி நீதி மையத்தின் வாசலில் ஊர்ச் செய்தி எழுதும் கரும்பலகை. அதன் முன்னால் ஒரே கூட்டம். கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் சாக்பீஸால் எழுதுகிறார்: "எங்கள் லைனில் எல்லோருக்கும் உட்கார ஸ்டூல் வந்துவிட்டது."

யார் என்று பூ விற்கும் அக்காவிடம் விசாரிக்கிறேன்.

"மஞ்சுளாங்க. கம்பெனி லைன்ல நாள் பூரா நின்னுட்டே வேலை செய்ய முடியல, ஸ்டூல் குடுங்கன்னு கேட்டுச்சு. வேலைய விட்டே தூக்கிட்டாங்க. மையத்துக்காரங்க விடல, கூடவே அலைஞ்சாங்க. இப்ப வேலையும் கெடச்சிருச்சு, ஸ்டூலும் வந்திருச்சு. ஜெயிச்சவங்கதான் இங்க எழுதணும், தமிழ், கன்னடம், தெலுங்கு மூணுலயும். மையத்துல அப்படித்தான் வழக்கம்."

தமிழில் எழுதி முடித்த மஞ்சுளா, அதையே கன்னடத்தில் தொடங்குகிறார். ஓர் எழுத்தில் கை தடுமாறுகிறது. கூட்டத்திலிருந்து நாலு விரல்கள் காற்றில் அந்த எழுத்தைப் போட்டுக் காட்டுகின்றன. உள்ளேயிருந்து ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்.

"உக்காந்து எழுதும்மா."

"வேணாங்கண்ணா. நாளைக்கு லைன்ல உக்காந்துக்கறேன். இத நின்னுட்டே எழுதறேன்."

கைதட்டல் எழுகிறது. என் பஸ் வருகிறது, போகிறது. தெலுங்கில் எழுதுவது இன்னும் பாக்கியிருக்கிறது. நானும் நின்றுகொண்டே இருக்கிறேன்.