வேப்பமரத்திலிருந்து மூன்றாவது குழி

உங்கள் அம்மாவைப் புதைத்த இடத்துக்கு வழி தெரியாமல் கூகுள் மேப்பைத் திறந்திருக்கிறீர்களா? நான் திறந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை.

வெளியே சொன்னது டூர். ஹிஸ்டரி படிக்கிற நண்பனுக்குத் தருமபுரி பக்கத்துப் பழைய சர்ச்சுகளையும் பெருவழிகளையும் பார்க்க ஆசை. காலையில் மியூசியத்தில் பெருவழி மைல்கல். தூரத்தை எழுத்தில் வெட்டி, பள்ளங்களாகவும் தோண்டியிருந்தார்கள்.

"படிக்காதவனும் தடவியே தெரிஞ்சுக்குவான் மச்சான். செம மூளை," என்றான் நண்பன்.

மதியம் பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு பழைய சர்ச். அம்மாவின் ஊர். நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்தாள். அவள் ஆசைப்படியே அப்பா அங்கே அடக்கம் செய்தார். அதன்பின் நாங்கள் யாரும் போகவில்லை.

அவன் பீடத்தைப் போட்டோ எடுக்க, நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வேப்பமரத்திலிருந்து மூன்றாவது குழி, மரச்சிலுவை. எண்ணினேன். மூன்றாவதில் கறுப்பு கிரானைட். யாரோ ஒரு பெரியவரின் படம்.

சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்தார். அம்மா பெயரைச் சொன்னேன்.

"சிலுவைய கரையான் அரிச்சுடுச்சு தம்பி. கல்லறைத் திருநாளுக்கு யாராச்சும் வருவீங்கன்னு நாலு வருசம் பாத்தோமுங்க. எடம் பத்தல. அதே குழியில இன்னொருத்தர வெச்சுட்டோம்."

"எங்க வூட்ல வருசா வருசம் தெவசம் குடுக்கிறோமே!" கத்தினேன்.

"எங்க வெச்சு?"

"வூட்லதான். போட்டோ முன்னாடி."

"அது சரிங்க. இங்க வந்து மண்ண அணைச்சு, ஒரு மெழுகுவத்தி ஏத்துனாத்தானே ஆளு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்?"

அப்பா இந்து. தெவசத்தை ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. காரியம் முடிந்தபின் புதைத்த இடத்துக்குப் போவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. அம்மா பக்கம் எப்படி என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பெங்களூரில் டிகிரி வாங்கிய அறிவாளி.

நண்பன் வந்தான். "அம்மா எங்கடா?"

"இவருக்குக் கீழ."

கேமராவை மூடினான்.

"எலும்ப வெளிய எடுக்கலீங்க," என்றார் கோயில்பிள்ளை. "ஓரமா ஒதுக்கிட்டுத்தான் அவர எறக்கினோம்."

அந்தப் பெரியவரின் கல்லுக்கு ஓரத்தில், மண்ணில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குத் தெவசம். வாழையிலை வாங்க அவர் இப்போது பாலக்கோட்டுக்குப் போயிருக்கிறார்.