திருவந்திபுரத்தில் நான் போட்ட அட்சதை

இன்று சிதம்பரம் பேருந்தில் பழைய நண்பர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன மாதம் திருவந்திபுரம் கோயிலில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். நான் போகவில்லை.

"என்னா மச்சான், கல்யாணத்துல ஆளையே காணோம்?"

"வந்தனே மச்சான்! அன்னிக்கு அங்க எத்தினி கல்யாணம்! கிட்டவே வர முடியல. தூரத்துலேர்ந்தே அட்சத போட்டுட்டுக் கெளம்பிட்டேன்."

அது யார் தலையில் விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. பண்பாளர்.

"அதான பாத்தேன்! ஒன்னப் பாத்துக் கையக்கூட ஆட்டுனேன். நீதான் கவனிக்கல."

வராதவனுக்குக் கையாட்டிய மனிதரிடம் வேறென்ன சொல்வது? கவனிக்காததற்கு மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக மன்னித்தார்.

முன் இருக்கையிலிருந்து அவர் மனைவி திரும்பினார்.

"வீடியோவுலகூட அண்ணன் இருக்காரே. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு வாங்கண்ணா, போட்டுக் காட்டுறேன். இவரு கையாட்டுறதயும் பாத்துடலாம்."

அந்த அம்மாள் சிரிக்கவே இல்லை. அதன் பிறகு சிதம்பரம் வரும்வரை நானும் நண்பரும் சன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

போகாவிட்டால் நான் பொய்யன். போனால் இருவரும் பொய்யர்கள். வீட்டில் மனைவியோ, என்ன புடவை கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

அன்று திருவந்திபுரம் வந்திருந்த நண்பர்களே, வழுக்கையும் கண்ணாடியுமாக யாராவது கேமராவுக்குக் குறுக்கே போனார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவும்.