ரெண்டு சின்னது, ஒரு நீளம்

துபாய் பக்கத்தில் அஜ்மானில் எங்கள் ரூமுக்குக் கீழே இருந்த கஃபட்டீரியாவில் சாண்ட்விச் போடுகிறவர் அவர். ராமநாதபுரம் பக்கம். எப்போதும் அடுப்புக் கல்லைப் பார்த்தே நிற்பதால், எனக்குப் பழக்கமானது அவர் முதுகும் தெருப் பக்கம் சாய்ந்த வலது காதும்தான். அங்கே யாரும் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். வாசலில் நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே யாருக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒருவர் முகமும் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஹாரன் எதுவும் கேட்கவில்லை. அவர் சாசேஜை எடுத்துக் கல்லில் போட்டார்.

"யாருக்கு பாய்?"

"ரெண்டு சின்னது, ஒரு நீளம். பிக்கப்காரர். ஹாட் டாக், வெங்காயம் இல்லாம."

பிக்கப் வண்டி ஓட்டிய என் ரூம்மேட்தான் அப்படி ஹாரன் அடிப்பான். அவன் பாடியை ஊருக்கு அனுப்பி அன்றோடு ஒன்பது நாள். அது அவருக்குத் தெரியாது.

பன்னைக் காகிதத்தில் சுற்றி, திரும்பாமலே நீட்டினார். "சப்ளை பண்றவர் லீவு. நீங்களே குடுத்துருங்க தம்பி."

வெளியே ஒரு வண்டியும் இல்லை.

நான் உள்ளே வந்ததும், "குடுத்துட்டீங்களா?" என்றார்.

"குடுத்துட்டேன்."

என் கையில் பொட்டலம் இல்லை. யாரிடம் கொடுத்தேன் என்பது மட்டும் இன்றுவரை ஞாபகம் வரவில்லை.