கேட்டுச்சொல்லி கத்தரின்

கத்தரின் அக்காவுக்குக் 'கேட்டுச்சொல்லி' என்று பட்டம் வைத்தவள் நான்தான். ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூடக் குசினியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் வேலை எங்கள் இருவருக்கும். சனிக்கிழமை ஓவர்டைம் வருகிறீர்களா, மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கிறீர்களா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கேட்டுச் சொல்லுறன்." புருஷனைக் கேட்டுச் சொல்வார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கேட்டது ஆண்டவரை.

வேலை முடிந்து இல்ஃபோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் வீட்டுக்கு முந்திய தரிப்பிலேயே இறங்கிவிடுவார். அங்கேதான் அவருடைய கத்தோலிக்கக் கோவில். மெழுகுதிரி கிடையாது, நேர்த்திக்கடன் கிடையாது. கடைசி வாங்கில் சும்மா உட்கார்ந்து கேட்பாராம்.

"பதில் எப்பிடி அக்கா வரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"குரல் ஒண்டும் கேக்காது ரமா. ரெண்டையும் மாறி மாறி நினைச்சுப் பாப்பன். எதிலை மனம் ஆறுதோ, அதுதான் அவரின்ரை பதில்."

"அப்ப ஓவர்டைம் வேண்டாமெண்டதும் அவரோ?"

"அதைச் சொன்னது என்ரை கால்" என்று சிரித்தார்.

நான் சைவக்காரி. எங்கள் வீட்டில் பெரிய காரியம் என்றால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளையா, சிவப்பா, எடுத்தவுடன் காரியம் முடிந்தது. இந்த மனுசி ஒரு அயன் பொக்ஸ் வாங்குவதற்குக்கூடக் கடவுளை மினக்கெடுத்துகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுப்பவைசரோடு சண்டை பிடித்து நான் வேலையை விட்டெறிய நின்றபோது, நான் சொல்லாமலே எனக்காகவும் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "பொறு எண்டுதான் வருது" என்றார். பொறுத்தேன். அடுத்த பள்ளித் தவணைக்கு அந்த சுப்பவைசர் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பகிடி பண்ணினாலும் கொஞ்சம் பார்த்துத்தான் பண்ணுவேன்.

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு இளவேனிலில், ஒரு திங்கட்கிழமை, நாங்கள் வேலை முடிந்து கதவைப் பூட்டும்போது வெளியே கோட்டும் சூட்டுமாக ஒரு பெரியவர் நின்றார். குரோய்டனிலிருந்து வந்திருந்தார். பெயர் செபமாலைமுத்து. கத்தரின் அக்காவின் அத்தான்.

"கத்தரின், உன்ரை அக்காவுக்கு இருதய ஒப்பரேஷன். வியாழக்கிழமை விடிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கினம். டொக்டர்மார் ஒண்டும் உறுதியாச் சொல்லுகினமில்லை. அதுக்கு முன்னம் உன்னைப் பாக்க வேணுமெண்டு நிக்கிறா."

கத்தரின் அக்கா கதவுத் திறப்பைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு, "கேட்டுச் சொல்லுறன் அத்தான்" என்றார். அவர் தலையாட்டிவிட்டு ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

இவருக்கு றோஸ்மலர் என்று கூடப்பிறந்த அக்கா ஒருத்தி லண்டனிலேயே இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். பஸ் தரிப்பில் வைத்து மிச்சத்தைச் சொன்னார்.

எட்டு வருடத்துக்கு முன்பு கத்தரின் அக்காவுக்கு வயிற்றைக் கீறித்தான் மகள் பிறந்தாள். அந்த வாரமே மன்னாரில் தாய் இறந்துவிட்டார். செய்தி வந்தது றோஸ்மலருக்கு. பச்சை உடம்புக்காரிக்குச் சொல்லக்கூடாது என்று அவர் மறைத்தார். வந்தவர்கள் போனவர்கள் எல்லோருடைய வாயையும் கட்டினார். ஞானஸ்நானம் பெரிதாக நடந்தது. எல்லாம் முடிந்து ஹோலைக் கூட்டிக் கழுவிய பிறகுதான் தங்கச்சிக்குச் சொன்னார்.

"கேக் வெட்டேக்க கை தட்டின எல்லாருக்கும் தெரியும் ரமா" என்றார் கத்தரின் அக்கா. "எனக்கு மட்டும் தெரியாது. அம்மா மண்ணுக்குள்ளை. நான் சிவப்புச் சீலை உடுத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அந்தப் படங்கள் இப்பவும் கிடக்கு. முப்பத்தோராம் நாள் பூசையும் முடிஞ்சு போச்சு. நான் அழவே இல்லை. அதுக்குப் பிறகு அழுது ஆருக்கு என்ன?"

அன்று முதல் றோஸ்மலரோடு அவருக்குக் கதையில்லை. எனக்கு நெஞ்சு வலித்தது. இரண்டு பேரில் யாருக்காக வலித்தது என்று சொல்லத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, "கேட்டாச்சோ?" என்றேன். "பதில் இன்னும் வரேல்லை" என்றார். அன்று பின்னேரமே மகளுக்குப் பள்ளிக்குப் போடச் சப்பாத்து வாங்குவது பற்றிக் கேட்டு, பதிலும் வந்து, புதன் காலையில் அதைப் பற்றி எனக்கு விளக்கமும் சொல்கிறார். எனக்கு வந்ததே கோபம். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"சப்பாத்துக்கு ஒரு பின்னேரத்திலை பதில் வருது. நாளைக்கு நெஞ்சைத் திறக்கப்போற அக்காவுக்கு வருகுதில்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் கேட்டனீங்களோ?"

அவர் ஒரு கிழங்கைச் சீவி முடித்தார். பிறகு இன்னொன்றை எடுத்தார்.

"இல்லை."

"ஏன்?"

"என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் கேக்கேல்லை."

கிழங்குத் தண்ணீரில் கண்ணீர் விழுந்தது. எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. எனக்கும் அப்படிக் கேளாமல் வைத்திருக்கிற விஷயங்கள் உண்டு. ஆருக்குத்தான் இல்லை?

வேலை முடிந்ததும், "நீயும் வாறியோ? தனிய ஏலாது" என்றார். அன்று அவர் கோவிலில் இறங்கவில்லை. இருவருமாக லண்டன் பிரிட்ஜுக்குப் போய், அங்கிருந்து குரோய்டனுக்கு ரயில் எடுத்தோம்.

செபமாலைமுத்து கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பை வாசலிலேயே கட்டி வைத்திருந்தது. றோஸ்மலர் அக்கா சோபாவில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கத்தரின் அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நடு அறையில் நின்றார்.

"கேட்டுப்போட்டோ வந்தனி?" என்றார் றோஸ்மலர்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"அம்மா அப்பிடித்தானே எங்களைப் பழக்கினவ. எதையும் கேட்டுச் செய் எண்டு. நானும் இண்டைவரைக்கும் கேட்டுத்தான் செய்யிறன். அம்மாவின்ரை செய்தி வந்த அண்டைக்கு மட்டும் கேக்கேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் தொடங்கினார். "கேட்டிருந்தா, போய்ச் சொல்லு எண்டிருப்பார். உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை. பச்சை உடம்பெண்டது ஆக்களுக்குச் சொன்ன சாட்டு."

கத்தரின் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். காலையில் அவர் கிழங்கு சீவியபடி சொன்னதை நான் மட்டும்தான் கேட்டவள். நான் தலை குனிந்துகொண்டேன்.

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"அரக்கி இரு" என்று அக்காவை ஒதுங்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தார். "நானும் கேக்காமல்தானக்கா இருந்தனான். எட்டு வருஷம்."

பிறகு அம்மா என்று ஒரு குரல் எழுந்தது. இரண்டு பேரில் யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து, செத்த வீட்டில் அழுவதுபோலவே வாய்விட்டு அழுதார்கள். செபமாலைமுத்து மனைவிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று கேத்திலும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடி வந்தார்.

"பயப்பிடாதேங்கோ" என்றேன். "அவையின்ரை அம்மா காலமாயிட்டா."