அம்மாவின் கால் பங்கு

பள்ளிக்கூடத்தில் கால், அரை, முக்கால் நடத்திக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் வட்டம் வட்டமாகப் போட்டு வெட்டிக் காட்டினார். எனக்கு மண்டையில் ஏறவில்லை. சனிக்கிழமை, கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போன அம்மாவோடு தொற்றிக்கொண்டேன். முக்கால் அங்கேதான் புரிந்தது.

மாமாதான் மேஸ்திரி, அம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். கூலி டன் கணக்கில் வரும். சாயங்காலம் அதை அவர் செல்போனில் தட்டிப் பங்கு போடுவார். ஆணுக்கு ஒரு பங்கு, பெண்ணுக்கு முக்கால். அப்பா சென்ட்ரிங் வேலையில் விழுந்து, கால் முறிந்து வீட்டில் கிடந்த வருஷம் அது. எங்கள் அடுப்பு அந்த முக்காலில்தான் எரிந்தது.

அம்மாவை மேலும் கீழும் பார்த்தேன். கை இரண்டு, கால் இரண்டு. வாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

“மாமா, எங்கம்மா முக்கா ஆளுன்னா, மீதி கால் ஆளு எங்க போச்சு?”

ஆட்கள் சிரித்தார்கள். மாமாவுக்கு முகம் சிவந்தது.

“டேய் வாலு! ஆம்பள கரும்புக் கட்டைத் தூக்கினு பலகை ஏறி வண்டியில போடுறான். பொம்பள கீழ நின்னு கட்டுறா. அதான் கம்மி.”

“அப்ப நாளைக்கி நானும் ஏறுறேண்ணா. முழுசு குடுப்பியா?” என்றாள் அம்மா.

“ஏறு, குடுக்கறேன். வுழுந்து வெச்சா என்னக் கேக்காத.”

மறுநாள் அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். முதல் கட்டுக்குப் பலகை ஆடியது. பிறகு பழகிவிட்டாள். ஆனால் மதியத்துக்குள் ஏற்றுவதற்குக் கட்டே இல்லை. வெட்டிய கரும்பு வயல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஆண்கள் டிராக்டர் நிழலில் பீடி பிடித்தார்கள்.

“மேஸ்திரி, ஆலையில என் வரிசை போய்டும். ஏத்துறீங்களா, இல்ல கெளம்பட்டா?” என்றான் டிராக்டர்க்காரன்.

மாமா அவரே குனிந்து கரும்பைக் கட்டிப் பார்த்தார். தூக்கியதும் கட்டு அவிழ்ந்து அவர் காலிலேயே விழுந்தது. அம்மாவிடம் வந்தார்.

“எம்மா, நீ எறங்கிக் கட்டு. முழுப் பங்கே வாங்கிக்க.”

“இன்னாங்க,” என்று அத்தை நிமிர்ந்தாள். “தங்கச்சிக்கி முழுசு, பொண்டாட்டிக்கி முக்காலா?”

மற்ற பெண்களும் நிமிர்ந்தார்கள்.

“எல்லாருக்கும் ஒண்ணுதான்! வாயப் பாத்துக்கினு நிக்காம கட்டுங்க!”

இருட்டுவதற்குள் வண்டி நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் கால் வலி. காலையிலிருந்து அத்தைக்கும் மற்ற பெண்களுக்கும் ஓயாத தாகம். கட்டுவதை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து தண்ணீர் கேட்க, போர்செட்டுக்கும் வயலுக்கும் குடத்தோடு ஓடியவன் நான்தான். மதியத்துக்கு மேல் ஒருத்திக்கும் தாகமே எடுக்கவில்லை. அத்தை காலையில் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.