முப்பத்தைந்து பல்

மெதுவாக்காவின் கார் பதினைந்து வயதைத் தாண்டிய மாதம் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர்கள் பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட காரில் கற்றுக்கொடுக்கக் கூடாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வேறு காரைச் சோதனைக்குக் கொண்டுவராவிட்டால் பள்ளியின் உரிமம் தானாகவே முடிந்துவிடும். இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கணவரிடம் நீட்டினாள். அவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் கண் முதலில் தேதிக்குத்தான் போகும்.

"தேதி போட்டிருக்கான்," என்றார்.

"அது எனக்கும் தெரியுது."

பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சொந்தக் கார், அதன் கூரையில் ஒரு மஞ்சள் பலகை, பக்கத்து இருக்கைக்கு அடியில் கூடுதலாக ஒரு பிரேக். அவ்வளவுதான் பள்ளிக்கூடம். "மெதுவா... மெதுவா விடுங்க... இன்னும் மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே மெதுவாக்கா ஆனவள். கிளட்சிலிருந்து காலைப் படக்கென்று எடுக்கிறவர்கள், பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்துகிறவர்கள், வளைவில் கண்ணை மூடுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஒருவரையும் அதட்டியதில்லை. இத்தனை வகுப்பு என்ற கணக்கும் கிடையாது. வருகிற வரைக்கும் வரட்டும் என்பாள். ரெண்டாயிரம் பேருக்குக் கற்றுக்கொடுத்தவளால் தன் வீட்டுக்காரரை மட்டும் தேற்ற முடியவில்லை. நான்காவது வகுப்பில் அவர் இறங்கி, கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு, "நமக்குள்ள சண்டை வேண்டாம், நான் நடந்தே வர்றேன்" என்று போனவர்தான். இன்று வரை நடக்கிறார், இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நகரத்தில் பெரிய ஓட்டுநர் பள்ளி ஒன்று அவளை நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கார், குளிர்ந்த அறை, நீலச் சட்டை. ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு வகுப்புதான், பதின்மூன்றாவது நாள் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். உரிமம் போனால் அங்கேதான் போகவேண்டும், வேறு வழி இல்லை. அவளிடம் அப்போது படித்துக்கொண்டிருந்த பல் டாக்டர் முப்பத்தொரு வகுப்பு முடித்திருந்தாள். இன்னும் மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க வரவில்லை.

கொழுந்தன்தான் வழி சொன்னான். தகரக் கூரை போட்ட ஷெட்டில் கார் வேலை பார்ப்பவன். சுவரில் ஸ்பேனர் மாட்டும் இடங்களிலெல்லாம் அந்தந்த ஸ்பேனரின் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்து வைத்திருப்பான், எது திரும்பி வரவில்லை என்று தெரிவதற்காக. பாதி உருவங்கள் வெறுமையாகவே இருக்கும்.

"அண்ணி, உங்க வண்டிக்கு உடம்புதான் உளுத்துப்போச்சு, உயிர் கெட்டியா இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் அந்த இன்ஜினை முழுசா பிரிச்சு வேலை பார்த்தேன். இதே கம்பெனி, இதே மாடல், ஆறு வருஷம் புதுசா ஒரு வண்டி வந்திருக்கு. பாடி கண்ணாடி மாதிரி இருக்கு. இன்ஜின் மட்டும் ஜாம்."

"எப்படி ஜாம் ஆச்சு?"

"வச்சிருந்த ஆளு எண்ணெய்ன்னா சமையலுக்குத்தான்னு நினைச்சிருப்பான் போல."

"பழைய இன்ஜினைப் புது வண்டியில வச்சா சோதனையில ஒத்துக்குவாங்களா?"

"அவங்க வயசு பார்க்கிறது பாடிக்கு. இன்ஜின் மாத்துறதுக்கு எழுதிக் குடுத்தா, நம்பரைப் பதிஞ்சுக்குவாங்க. வெள்ளிக்கிழமை வண்டி ஓடிக் காட்டணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவன் சொன்ன வேலைகள் எதுவும் அவ்வளவோடு முடிந்ததாக அவளுக்கு நினைவில்லை. இருந்தாலும் தலையாட்டினாள். அந்த இன்ஜின்மேல் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது. கற்றுக்குட்டிகள் ஒரு நாளைக்கு முப்பது தடவை அதைத் திணறடித்து ஆஃப் செய்வார்கள். முப்பத்தோராவது தடவையும் முகம் சுளிக்காமல் எடுக்கும். அப்படி ஒரு பொறுமை மனிதர்களில் யாருக்கு இருக்கிறது?

திங்கட்கிழமை காலையில் பழைய இன்ஜின் சங்கிலியில் தொங்கியது. அடிவயிற்றில் எண்ணெய் மினுங்க, காற்றில் லேசாகச் சுற்றியது. ஜாம் ஆன இன்ஜினை மூலையில் ஒரு டயர் மேல் உட்காரவைத்திருந்தான். அதன்மேல் இருந்த காற்று உறிஞ்சும் குழாய், சென்சார், வயரிங் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இன்ஜினுக்கு மாட்டினான். ஆறு வருடத்தில் இன்ஜினின் இரும்பு மாறவில்லை, மேலே போட்டுக்கொள்ளும் நகைதான் மாறியிருக்கிறது என்பது அவன் விளக்கம். புது வண்டியின் கம்ப்யூட்டர் தன் பழைய சென்சார்களையே பார்த்துக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் ஆள் மாறியது அதற்குத் தெரியவே தெரியாது.

பக்கத்து ஷெட்டில் நசுங்கின கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வந்து எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை புதுசு, மூளை புதுசு, மனசு மட்டும் பழசா?"

"கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவன் இன்ஜினை மாத்திப் பார்த்ததில்ல அண்ணே," என்றான் கொழுந்தன்.

இன்ஜின் தாங்கிகள் நாலும் ஓட்டை பிசகாமல் உட்கார்ந்தன. செவ்வாய்க்கிழமை மதியம் சாவியைத் திருப்பினான். செல்ஃப் எடுத்தது. இன்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். "இங்க இது பேயா சுத்துது, அங்க கம்ப்யூட்டர் இன்ஜின் எங்க நிக்குதுன்னே தெரியலைங்குது. ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு முகம் கொடுத்துப் பேசல."

சென்சாரை மாற்றினான். வயரைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலால் தடவிக்கொண்டே போனான். இன்னொரு சென்சார் வாங்கி வந்தான். புதன்கிழமை முழுக்க அப்படியே போயிற்று. மாலையில் அவனுக்கு முகமே சரியில்லை. "அண்ணி, நான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன்," என்றான். அவள், "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. முதல்ல கையைக் கழுவிட்டுச் சாப்பிடு," என்றாள். வீட்டுக்கு வந்து, நீலச் சட்டைக்காரர்கள் கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். பெயர், வயது, அனுபவம் என்று மூன்று வரி நிரப்பினாள். 'தற்போதைய தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மூடி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

கார் இல்லாவிட்டாலும் வகுப்பை அவள் நிறுத்தவில்லை. பல் டாக்டருக்கு மூன்று நாளாக வீட்டுக் கூடத்திலேயே பாடம். நாற்காலிக்கு முன்னால் மூன்று செருப்புகள், கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர் என்ற வரிசையில். டாக்டர் செருப்பை மிதித்துக் கொண்டே, "அக்கா, இதுல நான் ஒரு தடவைகூட ஆஃப் பண்ணல," என்று பெருமைப்பட்டாள். வியாழக்கிழமை மதியம் மெதுவாக்காவுக்கு அது சகிக்கவில்லை. நிஜப் பெடலாவது மிதிக்கட்டும் என்று ஷெட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

ஷெட்டில் கொழுந்தன் வண்டியின் முன்பக்கம் குந்தியிருந்தான். பெல்ட் ஓடும் புல்லியைக் கழற்றிக் கையில் வைத்து, அதன் பின்னால் இருந்த பற்சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அடிபட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு பழுதும் இல்லை.

டாக்டர் குனிந்து பார்த்தாள். "அய்யோ, ஒரு பல் விழுந்திருக்கே."

அவனுக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. "விழல டாக்டர். கம்பெனியே அந்த இடத்தை வேணும்னு காலியா விடுறது. சென்சார் ஒவ்வொரு பல்லா எண்ணிக்கிட்டே வரும். ஓட்டை வந்ததும், ஆஹா, ஒரு சுத்து முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதை வச்சுத்தான் எப்ப தீப்பொறி குடுக்கணும்னு அது முடிவு பண்ணும்."

"ஓ," என்று டாக்டர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். டயர் மேல் உட்கார்ந்திருந்த இன்ஜினிடம் போனாள். முன்பக்கம் எட்டிப் பார்த்து, தொழில் பழக்கத்தில் கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்தாள். சுற்றிலும் ஒளியை நகர்த்தினாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் பக்கத்து பக்கத்துல ரெண்டு பல் இல்ல?"

ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் எழுந்த வேகத்தில் முழங்கால் பம்பரில் இடித்தது. நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தான். திரும்பி வந்து கையிலிருந்ததைப் பார்த்தான். மறுபடி போனான். இரண்டும் ஒரே அளவு, ஒரே பருமன். தூர நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். பழையதில் முப்பத்தைந்து பல், புதியதில் முப்பத்து நாலு.

"ரெண்டு நாளா ரெண்டு சென்சார் மாத்தினேன்," என்றான் மெல்லிய குரலில். "நான் எண்ணவே இல்லையே."

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் டாக்டர். "ஒரு பல் மாறினாலே மனுஷங்க பேசுறது புரியாது. பாவம், இது மிஷின்."

டிங்கர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "டாக்டரம்மா, கார் ஓட்ட வராட்டியும் பரவாயில்ல, இங்க வந்து ஒரு கிளினிக் போடுங்க!"

மெதுவாக்கா ஒரு கவிழ்ந்த வாளியின் மேல் உட்கார்ந்து, ஜாம் ஆன இன்ஜினிலிருந்து அவன் புல்லியைக் கழற்றுவதைப் பார்த்தாள். அது சுலபமாக வந்தது. பழைய இன்ஜினின் தண்டில் உட்காருமா என்று அவன் தள்ளிப் பார்த்தபோது மட்டும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். உட்கார்ந்தது. இறுக்கினான். பெல்ட்டை மாட்டினான். "அண்ணி, நீங்களே சாவியைப் போடுங்க."

"நீ போடு. நான் கேட்கிறேன்."

செல்ஃப் ஒரு தடவை கரகரத்தது. இரண்டாவது கரகரப்பு முடிவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பதினைந்து வருடமாகத் தினமும் காலையில் கேட்ட அதே சத்தம், யாரோ அடுத்த அறையில் தொண்டையைச் செருமிக்கொண்டே வேலை பார்ப்பது போல. டாக்டர் கைதட்டினாள். கொழுந்தன் கண்ணைத் துடைக்கிற சாக்கில் நெற்றியெல்லாம் எண்ணெயாக்கிக்கொண்டான். மெதுவாக்கா வாளியிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டின தூசியைத் தட்டினாள். "டாக்டரம்மா, ஏறுங்க. வண்டி நின்ன இடத்துல நிக்கட்டும், கிளட்சை மட்டும் மிதிச்சுப் பழகுங்க," என்றாள்.

பழைய காரின் மஞ்சள் பலகையையும் கூடுதல் பிரேக்கையும் புது வண்டிக்கு மாற்றி, வெள்ளிக்கிழமை சோதனை மைதானத்துக்குக் கொழுந்தன்தான் ஓட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். அவள் எப்போதும் போலப் பக்கத்து இருக்கையில், கூடுதல் பிரேக்குக்கு மேல் பாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு திருப்பத்தில் தன்னை அறியாமல் அழுத்தியும்விட்டாள். "அண்ணி, நான் லைசென்ஸ் எடுத்து இருபது வருஷம் ஆச்சு," என்றான் அவன்.

அதிகாரி ஒல்லியான மனிதர். காதில் பென்சில். கண்ணாடித்துண்டை நீட்டி இன்ஜின் நம்பரைப் படித்தார், காகிதத்தோடு ஒப்பிட்டார். வண்டியின் அடிப்பாகத்தை, விளக்கை, பிரேக்கை எல்லாம் பார்த்தார்.

"வண்டியை விட இன்ஜின் மூத்ததா?"

"ஆறு வருஷம் சார்," என்றான் கொழுந்தன்.

"ரெண்டும் சண்டை போடாம இருக்கா?"

"நேத்து வரைக்கும் பேச்சே இல்ல சார். இப்ப சமாதானம்."

அவர் சிரிக்கவில்லை. தானே ஏறி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். புகைக்குழாயில் குழல் செருகிப் பார்த்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், எழுதினார், மறுபடி காதில் வைத்தார். முத்திரை குத்துகிற பெண் சாப்பிடப் போயிருந்ததால் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் மெதுவாக்கா ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த வார வகுப்புகளை நோட்டில் எழுதினாள். காகிதம் கைக்கு வந்ததும் அதை நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, "தம்பி, நீ இந்தப் பக்கம் உட்காரு. வீட்டுக்கு நான் ஓட்டுறேன்," என்றாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளி கம்பியைத் தூக்கினார். முதல் கியர் போட்டாள். கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து, ஆஃப் ஆயிற்று.

பதினெட்டு வருடத்தில் அவள் கையில் ஒரு வண்டி இப்படி நின்றதில்லை. அவளும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிளட்ச் பழைய இன்ஜினோடது, பெடல் புது வண்டியோடது அண்ணி," என்றான் அவன் அவசரமாக. "பிடிக்கிற இடம் மாறியிருக்கும். உங்க தப்பு இல்ல."

காவலாளி ஜன்னலுக்குக் குனிந்தார். "என்னக்கா, லைசென்ஸ் எடுக்க வந்தீங்களா?"

"பள்ளிக்கூடமே என்னுதுதான்பா."

அவர் நிமிர்ந்து கூரையிலிருந்த மஞ்சள் பலகையை நிதானமாக வாசித்தார். மறுபடி குனிந்தார். "அப்ப வாத்தியாரை மாத்துங்க."

கொழுந்தன் சிரித்துச் சிரித்து இருமினான். அவளுக்கும் அடக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பின்னால் வரிசையில் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உடனே எடுத்தது. இந்தத் தடவை காலை ஒரு காகிதத்தின் கனம் அளவுக்கு உயர்த்தினாள், இன்னொரு காகிதம், இன்னொன்று. வழக்கமான இடம் வந்தது, போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு விரற்கடை மேலே வண்டி லேசாக நடுங்கி, மூக்கைத் தூக்கி, நகர்ந்தது.

"இங்கதான் இருக்கியா?" என்றாள் அதனிடம்.

மூன்று மணிக்குப் பல் டாக்டர் வருவாள். அதற்குள் தன் காலைப் பழக்கிக்கொள்ள இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற சாலையை விட்டுவிட்டு, மேடு இருக்கிற பக்கம் வண்டியைத் திருப்பினாள்.